லூஓ: ஒரு கிரேக்க வினைச்சொல்லைத் தமிழ் வழியாகப் பிரித்துப் படிப்பது எப்படி?

பழைய கிரேக்கம் படிக்க உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் முதலில் மனப்பாடம் செய்யும் வினைச்சொல் லூஓ. ‘அவிழ்க்கிறேன்’ என்று பொருள். அதிகம் புழங்கும் சொல் என்பதால் இதைத் தேர்ந்தெடுக்கவில்லை. இதன் அடி ‘லூ’ என்று உயிரோசையில் முடிகிறது. விகுதி சேரும்போது மெய்யோடு மெய் மோதித் திரியும் தொல்லை கிடையாது. அதனால் வாய்ப்பாட்டுக்கு வசதியான சொல்.

நானும் ஓர் ஆங்கிலப் பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு இந்த வாய்ப்பாட்டை உருப்போட்டேன். ஒப்பிக்க வந்தது, புரிந்தது பாதிதான். ஆங்கிலத்தில் இல்லாத வினை வகைகளை ஆங்கிலத்தில் விளக்கப் புத்தகம் பட்ட பாட்டையும் சேர்த்துப் படிக்க வேண்டியிருந்தது. அப்புறம் ஒவ்வொரு வடிவத்துக்கும் பக்கத்தில் தமிழ் வினைமுற்றை எழுதிப் பார்த்தேன். பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிட்டது. அந்த வழியைத்தான் இங்கே படிப்படியாகத் தருகிறேன்.

முதல் படி: ஓசை

கிரேக்கத்தில் குறில் எ, நெடில் ஏ, குறில் ஒ, நெடில் ஓ நான்குக்கும் தனித்தனி எழுத்து உண்டு. தமிழருக்கு இதில் கற்க ஒன்றுமில்லை. ஆனால் இந்த நான்கையும் குழப்பினால் வினையின் பொருளே மாறும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஏன் என்று பின்னால் வரும்.

‘லூ’வில் உள்ள உயிர் நம் ஊ அல்ல. ஈ சொல்வதற்கு நாக்கை வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் குவித்தால் வரும் ஓசை. தமிழ் எழுத்தில் அதற்கு வழியில்லாததால் ஊ என்றே எழுதுகிறேன். த, க இரண்டையும் இந்தக் கட்டுரையின் கிரேக்கச் சொற்களில் எங்கு வந்தாலும் வல்லோசையாகவே படியுங்கள். ‘த்ஹ’ என்று வந்தால் தகரத்தோடு மூச்சுக்காற்றும் வெளியே வர வேண்டும். கடைசியில் வரும் ஐகாரத்தைப் பேச்சுத்தமிழில் போல எகரமாக விழுங்கிவிடாமல் முழுசாகச் சொல்ல வேண்டும்.

இரண்டாம் படி: பொருள்

அகராதியில் லூஓவுக்கு அவிழ், விடுவி, கலை, முறி, இடி, தீர் என்று நீளமான பட்டியல் இருக்கும். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே படம்தான்: கட்டியிருந்தது கட்டில்லாமல் போவது. செருப்பு வார், குதிரையின் கட்டு, கைதியின் விலங்கு, கூடியிருந்த சபை, செய்துகொண்ட உடன்படிக்கை, விடுகதை எல்லாமே ஒருவகையில் கட்டுகள்தான். தமிழிலும் விடுகதையின் முடிச்சை அவிழ்க்கிறோம், கூட்டத்தைக் கலைக்கிறோம்.

இந்த வீச்சை ஒரே நூலில் பார்க்க யோவான் சுவிசேஷம் போதும். 11ஆம் அதிகாரத்தில் கல்லறையிலிருந்து துணிகள் சுற்றியபடி எழுந்து வந்த லாசருவைப் பற்றி இயேசு சொல்லும் சொல் ‘லூசதெ’. 2ஆம் அதிகாரத்தில் ஆலயத்தைக் காட்டிச் சொல்வதும் அதே ‘லூசதெ’. எழுத்து கூட மாறவில்லை. தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பு முதலாவதைக் கட்டவிழ்த்து விடுங்கள் என்றும், இரண்டாவதை இடித்துப்போடுங்கள் என்றும் சொல்கிறது. இரண்டும் சரி. கல்லைக் கல்லோடு பிணைத்திருக்கும் கட்டை அவிழ்த்தால் கட்டடம் இடிந்துதானே போகும்?

இலியட், ஒடிசி காவியங்களின் புலவர் ஹோமரிடம் இன்னொரு பயன்பாடு. போரில் ஒருவன் மற்றவனைக் கொன்றால், அவன் உறுப்புகளை ‘அவிழ்த்தான்’ என்பார். பயமோ துக்கமோ தாக்கினால் முழங்கால்கள் ‘அவிழும்’. மகனைக் கொல்லச் சதி நடக்கிறது என்று கேட்டதும் ஒடிசியின் நாயகன் ஒடிசியஸின் மனைவி பெனெலோபிக்கு அப்படி ஆகிறது. கை கால் விட்டுப்போச்சு என்று நாம் சொல்வதற்குப் பக்கத்தில் வரும்.

மூன்றாம் படி: அடியும் விகுதியும்

தமிழ் வினைமுற்றைப் போலவே கிரேக்க வினையும் ஒரே சொல்லில் யார் செய்தது என்பதைச் சொல்லிவிடும். ‘நான்’ என்று தனியாகப் போட வேண்டியதில்லை. நிகழ்காலம் இப்படி:

லூஓ – அவிழ்க்கிறேன்
லூஎய்ஸ் – அவிழ்க்கிறாய்
லூஎய் – அவிழ்க்கிறான், அவிழ்க்கிறாள், அவிழ்க்கிறது
லூஒமென் – அவிழ்க்கிறோம்
லூஎதெ – அவிழ்க்கிறீர்கள்
லூஊசி – அவிழ்க்கிறார்கள், அவிழ்க்கின்றன

படர்க்கையில் ஆண்பால், பெண்பால் என்று விகுதி பிரியாது. அங்கே தமிழ்தான் கறார். ‘நீங்கள்’ என்ற மரியாதைப் பன்மையும் பழைய கிரேக்கத்தில் இல்லை. அரசனையும் ‘நீ’ என்றுதான் கூப்பிட வேண்டும். இரண்டு பேருக்கு மட்டுமான இருமை வடிவமும் உண்டு (‘லூஎதொன்’, நீங்கள் இருவரும் அவிழ்க்கிறீர்கள்). தொடக்கத்தில் அதைத் தள்ளிவைக்கலாம்.

ஆங்கில வழி படிப்பவர்களை வியக்க வைக்கும் விதி ஒன்று இருக்கிறது: கிரேக்க இலக்கணம் அஃறிணைப்பாலாகக் கொள்ளும் சொல் பன்மையில் எழுவாயானால் வினை ஒருமையில் வரும். ‘மாடுகள் வருது’ என்று பேசுகிறவர்களுக்கு இதில் வியக்க என்ன இருக்கிறது? மேலே சொன்ன பெனெலோபியின் முழங்கால்கள் பன்மை. வினை ‘லுதொ’ ஒருமை. முழங்கால்கள் அவிழ்ந்தது, அவ்வளவுதான்.

நான்காம் படி: இறந்தகாலம், எதிர்காலம்

தமிழில் எல்லாமே சொல்லின் பின்னால் ஒட்டும். கிரேக்கம் இறந்தகாலத்தைக் காட்ட முன்னாலும் ஒட்டும். அடிக்கு முன் ஒரு ‘எ’ வந்தால், கடந்துபோன காலம் என்று பொருள்.

இறந்தகாலத்தில் இரண்டு வகை. ‘எலூஒன்’ என்றால் அவிழ்த்துக்கொண்டிருந்தேன். ‘எலூச’ என்றால் அவிழ்த்தேன். முதலாவது செயலை உள்ளே நின்று பார்க்கிறது, இரண்டாவது மொத்தமாக, முடிந்த ஒன்றாகப் பார்க்கிறது. இரண்டாவதற்கு அயோரிஸ்ட் என்று பெயர். எல்லை வகுக்கப்படாதது என்பது அதன் பொருள். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், நம் சாதாரண ‘அவிழ்த்தேன்’தான்.

முதல் வகையின் வரிசை: எலூஒன், எலூஎஸ், எலூஎ, எலூஒமென், எலூஎதெ, எலூஒன். தன்மை ஒருமையும் படர்க்கைப் பன்மையும் ஒன்றே. இடம் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். அயோரிஸ்ட் வரிசை: எலூச, எலூசஸ், எலூசெ, எலூசமென், எலூசதெ, எலூசன்.

எதிர்காலத்துக்கு அடியோடு ஒரு சகரம் சேர்த்து நிகழ்கால விகுதியைப் போட்டால் போதும்: லூசோ, லூசெய்ஸ், லூசெய், லூசொமென், லூசெதெ, லூசூசி. அவிழ்ப்பேன், அவிழ்ப்பாய் என்று அப்படியே போகும்.

ஐந்தாம் படி: ‘இருக்கிறது’ வடிவம்

இங்கே கொஞ்சம் நின்று போகலாம். அடியின் முதல் மெய்யை எகரத்தோடு இரட்டித்து, பின்னால் ககரம் சேர்த்தால் ‘லெலுக’. அவிழ்த்திருக்கிறேன் என்று பொருள். (இங்கே உயிர் குறுகி ‘லு’ ஆகிவிடுவதைக் கவனியுங்கள்.) லெலுக, லெலுகஸ், லெலுகெ, லெலுகமென், லெலுகதெ, லெலுகாசி. இது செய்வினை. செயப்பாட்டில் ககரம் போய், விகுதி நேராக ஒட்டும்: லெலுமை, லெலுசை, லெலுதை, லெலுமெத்ஹ, லெலுஸ்த்ஹெ, லெலுந்தை. ‘லெலுதை’ என்றால் அவிழ்க்கப்பட்டிருக்கிறது, அவிழ்ந்து கிடக்கிறது.

இந்த வடிவத்தை ‘முடிந்த காலம்’ என்று மொழிபெயர்த்துப் படித்தால் அதன் உயிர் போய்விடும். செயல் எப்போதோ நடந்தது, ஆனால் அதன் விளைவு இப்போது கண்முன் நிற்கிறது. தமிழில் ‘இரு’ துணைவினை செய்யும் வேலை இதுதான். கதவு திறந்தது என்பது வேறு, கதவு திறந்திருக்கிறது என்பது வேறு இல்லையா?

கி.மு. 432இல் ஸ்பார்ட்டாவின் சபை ஏதென்ஸைப் பற்றி வாக்கெடுத்தது. உடன்படிக்கை ‘லெலுஸ்த்ஹை’ (மேலே சொன்ன செயப்பாட்டின் எச்ச வடிவம்) என்று அவர்கள் தீர்மானித்ததாக வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதுகிறார். முறிந்துவிட்டிருக்கிறது என்பதே முடிவு. நாங்கள் முறிக்கிறோம் என்று அவர்கள் சொல்லவில்லை. அது ஏற்கெனவே முறிந்து கிடக்கிறது, நாங்கள் கண்டதைச் சொல்கிறோம் என்ற தொனி. ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் மோதிய பெலொப்பொனேசியப் போருக்குப் போகும் வழியில் ஓர் இலக்கண வடிவம் எவ்வளவு வேலை செய்கிறது பாருங்கள்.

அதே சொல் இன்னொரு புகழ்பெற்ற இடத்திலும் வருகிறது. கி.மு. 333இல் அலெக்சாந்தர் கோர்டியம் நகரத்துக்கு வருகிறார். அங்கே ஒரு பழைய வண்டியின் நுகத்தடியில் யாராலும் அவிழ்க்க முடியாத முடிச்சு. அவிழ்ப்பவன் ஆசியாவை ஆள்வான் என்று நம்பிக்கை. வாளால் வெட்டினார் என்று சிலர் சொல்வதாகவும், முளையை உருவி எடுத்தார் என்று அவருடன் சென்ற அரிஸ்டொபூலஸ் சொல்வதாகவும், அலெக்சாந்தரின் வரலாற்றை எழுதிய அர்ரியன் இரண்டு கதையையும் தருகிறார். வெட்டிய கதையில் அலெக்சாந்தர் சொல்லும் சொல் ‘லெலுஸ்த்ஹை’, அவிழ்ந்தாயிற்று என்று. நான் அவிழ்த்தேன் என்று சொல்லியிருந்தால் பக்கத்தில் நின்றவன் ‘எங்கே அவிழ்த்தாய், வெட்டினாய்’ என்று கேட்டிருக்கலாம். முடிச்சு இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று மட்டும் சொன்னால் யார் மறுக்க முடியும்?

ஆறாம் படி: நடுவினை

செய்வினைக்கும் செயப்பாட்டுவினைக்கும் நடுவில் கிரேக்கத்தில் ஒன்று உண்டு. செய்பவன் தனக்காக, தன் பக்கம் பயன் வருமாறு செய்வது. தமிழில் இதற்குப் பக்கத்தில் நிற்பது ‘கொள்’. எடுத்தான், எடுத்துக்கொண்டான். சேர்த்தான், சேர்த்துக்கொண்டான். லூஓ என்றால் விடுவிக்கிறேன். அதன் நடுவினை ‘லூஒமை’ என்றால் எனக்கு வேண்டியவரை விடுவித்துக்கொள்கிறேன், அதாவது பணம் கொடுத்து மீட்டுக்கொள்கிறேன்.

நிகழ்கால வரிசை: லூஒமை, லூஏய், லூஎதை, லூஒமெத்ஹ, லூஎஸ்த்ஹெ, லூஒந்தை. அயோரிஸ்ட்டில் எலூசமேன், எலூசோ, எலூசதொ என்று தொடங்கும்.

இலியட் தொடங்கி 30 வரிகளுக்குள் இந்த வேறுபாட்டைக் காட்சியாகவே பார்த்துவிடலாம். அப்பொல்லோவின் பூசாரி கிரைசெஸ், சிறைப்பட்ட மகளைக் கேட்டு அளவில்லாத மீட்புப் பொருளோடு கிரேக்கர்களின் கப்பல்களுக்கு வருகிறார். எதற்காக வந்தார் என்பதை 13ஆம் வரி ‘லூசொமெனொஸ்’ என்ற ஒரே சொல்லில் சொல்கிறது: மீட்டுக்கொள்வதற்காக. நடுவினை, எதிர்கால எச்சம். கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னோன் 29ஆம் வரியில் பதில் சொல்கிறான்: ‘ஊ லூசோ’, விடமாட்டேன். செய்வினை. மகள் அவருடையவள், அதனால் தகப்பனுக்கு நடுவினை. பிடித்துவைத்திருப்பவன் விட்டால் அவள் போவது இன்னொருவரிடம், அவன் பக்கம் அல்ல, அதனால் செய்வினை. மறுத்ததன் பலனாகக் கொள்ளைநோய் வருகிறது, காவியம் தொடங்குகிறது.

ஒரு எச்சரிக்கை. ‘அவிழ்த்துக்கொண்டிருந்தேன்’ என்பதில் வரும் ‘கொண்டு’ தொடர்ச்சியைக் காட்டுவது, நடுவினை அல்ல. என் நோட்டில் இதைக் குழப்பி ஒரு பக்கம் முழுக்கத் தப்பாக எழுதிவைத்திருந்தேன். அதேபோல எல்லா நடுவினையையும் ‘கொள்’ போட்டு மொழிபெயர்த்துவிடலாம் என்றும் நம்பிவிடாதீர்கள். நுழைவாசல் அது, முழு வீடு அல்ல.

செயப்பாட்டைச் சீக்கிரம் முடித்துவிடலாம். நிகழ்காலத்திலும் ‘எலூஒன்’ வகை இறந்தகாலத்திலும் ‘லெலு’ வடிவங்களிலும் நடுவினையும் செயப்பாடும் ஒரே உருவம். ‘லூஎதை’ என்பது மீட்டுக்கொள்கிறான், அவிழ்க்கப்படுகிறது, தானாக அவிழ்கிறது என்று மூன்றாகவும் நிற்கும். நாம் ‘அவிழ்கிறது’, ‘அவிழ்க்கிறது’ என்று ஒற்றெழுத்தில் பிரிப்பதைக் கிரேக்கம் வேறு விகுதியால் பிரிக்கிறது. எதிர்காலத்திலும் அயோரிஸ்ட்டிலும் மட்டும் செயப்பாட்டுக்குத் தனி வடிவம்: லுத்ஹேசொமை (விடுவிக்கப்படுவேன்), எலுத்ஹேன் (விடுவிக்கப்பட்டேன்). பின்னதன் ‘ஏன்’ நம் தன்மை விகுதி போலக் கேட்பது தற்செயல். இரண்டு மொழிக்கும் உறவு என்று கிளம்பிவிட வேண்டாம்.

ஆக, அகராதி ஒரு கிரேக்க வினைக்குத் தரும் ஆறு அடிப்படை வடிவங்கள் நம் கையில் இருக்கின்றன: லூஓ, லூசோ, எலூச, லெலுக, லெலுமை, எலுத்ஹேன். எந்த வினையைக் கற்றாலும் இந்த ஆறையும் சேர்த்தே கற்க வேண்டும். லூஓவில் ஊகித்துவிடலாம், மற்ற பல வினைகளில் முடியாது.

ஏழாம் படி: விருப்பம், ஐயம், கட்டளை

‘லூஒமென்’ அவிழ்க்கிறோம். ‘லூஓமென்’ அவிழ்ப்போமாக. ஒகரம் ஓகாரமானதுதான் வித்தியாசம். ‘லூஎதெ’ என்பதும் ‘லூஏதெ’ ஆகும். சப்ஜங்டிவ் எனப்படும் இந்த வடிவத்தில் குறிலெல்லாம் நெடிலாகிறது. முதல் படியில் சொன்ன எச்சரிக்கை இதற்காகத்தான். ஆனால் ஒரு கண்ணி: அயோரிஸ்ட்டின் சப்ஜங்டிவ் தன்மை ஒருமையும் ‘லூசோ’தான், எதிர்காலமும் ‘லூசோ’தான். அகமெம்னோனின் லூசோ எதிர்காலம். யோவான் ஸ்நானகன், இயேசுவின் செருப்பு வாரை அவிழ்க்கவும் தகுதியில்லை என்று சொல்லும் இடத்தில் வரும் லூசோ சப்ஜங்டிவ். முன்னால் ‘ஹின’ என்ற இடைச்சொல் நிற்பதை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

ஆப்டேடிவ் என்பது நம் வியங்கோளுக்குப் பக்கத்து வீடு. ‘லூஒய்மி’, ‘லூஒய்’ என்று ‘ஒய்’ ஒலி கேட்டால் அதுதான். இலியட்டின் 20ஆம் வரியில் பூசாரி கேட்பது பல பதிப்புகளில் ‘லூசைதெ’ என்றிருக்கும், விடுவிப்பீர்களாக என்று. அயோரிஸ்ட் என்பதால் அங்கே ‘ஒய்’ இல்லை, ‘ஐ’. கட்டளையிடாமல் வேண்டிக்கொள்ளும் வடிவத்தில் அவர் பேசுவது அந்த இடத்துக்குப் பொருத்தம்.

ஏவலில் ‘லூஎ’ என்றால் அவிழ்த்துக்கொண்டிரு, ‘லூசொன்’ என்றால் ஒரேயடியாக அவிழ். பன்மையில் லூஎதெ, லூசதெ. ஏவல், சப்ஜங்டிவ், ஆப்டேடிவ் எதிலும் முன்னால் ‘எ’ ஒட்டாது. அது நேரடியாகச் சொல்லும் இறந்தகாலத்துக்கு மட்டும் உரியது. புதிதாகப் படிப்பவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது.

எட்டாம் படி: எச்சங்கள்

‘லூஓன்’ என்றால் அவிழ்க்கிறவன். நம் வினையாலணையும் பெயர். பெண்பாலுக்கு ‘லூஊச’. ‘லூசாஸ்’ என்றால் அவிழ்த்து, பன்மையில் ‘லூசந்தெஸ்’. ‘லெலுமெனொன்’ என்றால் அவிழ்க்கப்பட்டிருப்பது. ஆங்கிலத்தில் இவற்றைப் பெயர்க்கத் துணைவாக்கியம் ஒன்றை இழுத்துக்கொண்டு வர வேண்டும். தமிழில் ஒரு எச்சம் போதும்.

இதற்கு நல்ல பயிற்சி லூக்கா 19ஆம் அதிகாரம், 30 முதல் 33 வரையான வசனங்கள். கட்டியிருக்கும் கழுதைக்குட்டியை ‘லூசந்தெஸ்’, அவிழ்த்துக் கொண்டுவாருங்கள். ஏன் ‘லூஎதெ’ என்று யாராவது கேட்டால், ஏன் அவிழ்க்கிறீர்கள். அவர்கள் ‘லூஒந்தோன்’, அவிழ்க்கும்போது. உரியவர்கள் மறுபடி ‘லூஎதெ’ என்று கேட்கிறார்கள். நாலு வசனத்தில் மூன்று வடிவம், கதையும் தெரிந்த கதை. மத்தேயு 16:19இல் ‘எஸ்தை லெலுமெனொன்’ என்பதற்குத் தமிழ் விவிலியம் ‘கட்டவிழ்க்கப்பட்டிருக்கும்’ என்று போட்டிருப்பதையும் பாருங்கள். எஸ்தை என்றால் இருக்கும். கிரேக்கம் இரண்டு சொல்லில் சொன்னது தமிழில் ஒரே சொல்லில், ஒரு துண்டும் சிந்தாமல் வந்திருக்கிறது.

‘அவிழ்க்க’ என்ற செயவென் எச்சத்துக்கு லூஎய்ன், லூசை, லெலுகெனை, லுத்ஹேனை என்று காலத்துக்கும் வினைவகைக்கும் ஏற்பப் பல வடிவங்கள். இதில் ‘லூசை’ பொல்லாதது. அவிழ்க்க என்ற எச்சம், மீட்டுக்கொள் என்ற ஏவல், அவிழ்ப்பானாக என்ற ஆப்டேடிவ் மூன்றுக்கும் அதே எழுத்துகள். அழுத்தக்குறி ஓரளவு உதவும், மீதிக்கு இடம் பார்க்க வேண்டும்.

ஒன்பதாம் படி: முன்னொட்டுகள்

லூஓவுக்கு முன்னால் இடைச்சொல் சேர்ந்தால் புதுச் சொற்கள். ‘அன’ சேர்ந்தால் அவிழ்த்துப் பிரித்துப் பார்ப்பது. அனாலிசிஸ் இங்கிருந்து வந்தது. ‘திய’ சேர்ந்தது டயாலிசிஸ், ‘பர’ சேர்ந்தது பாராலிசிஸ். மருத்துவமனையில் தினம் கேட்கும் சொற்களில் ஹோமரின் வினை ஒளிந்திருக்கிறது.

எனக்குப் பிடித்தது ‘கத’ சேர்ந்த கதலூஓ. ஆட்சியைக் கவிழ்ப்பது என்பது ஒரு பொருள். வழியில் தங்குவது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? பயணத்தில் இருட்டியதும் வண்டி மாட்டை அவிழ்த்துக் கட்டினால்தான் தங்கல். அந்த அவிழ்ப்பிலிருந்தே தங்குமிடத்துக்குக் ‘கதலூம’ என்று பெயர் வந்தது. லூக்கா 2:7இல் மரியாளுக்கும் யோசேப்புக்கும் இடமில்லாமல் போன சத்திரம் இதுதான்.

முன்னொட்டு உள்ள வினையில் இறந்தகால ‘எ’ சொல்லின் முதலில் வராது, முன்னொட்டுக்கும் அடிக்கும் நடுவில் போய் உட்காரும். ‘அபொலூஓ’ (விடுவித்து அனுப்புகிறேன்) இறந்தகாலத்தில் ‘அபெலூச’. இது தெரியாவிட்டால் அகராதியில் சொல்லைத் தேடித் தேடி அலுத்துவிடும்.

கடைசிப் படி: தெரியாத வடிவத்தைப் பிரிப்பது

வரிசை இதுதான். முதலில் முன்னொட்டைக் கழற்றுங்கள். அடுத்து ‘எ’ இருக்கிறதா, முதல் மெய் இரட்டித்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அடிக்கும் விகுதிக்கும் நடுவில் சகரமா, ககரமா, த்ஹேகாரமா, ஒன்றுமில்லையா என்று பாருங்கள். விகுதியைக் கடைசியில் தொடுங்கள்.

‘எலெலுந்தொ’ என்று ஒரு சொல். முன்னால் ‘எ’, ஆகவே இறந்தகாலம். ‘லெலு’ இரட்டிப்பு, ஆகவே ‘இரு’ வடிவம். நடுவில் ககரம் இல்லை, எனவே செய்வினை அல்ல. ‘ந்தொ’ படர்க்கைப் பன்மை. அவிழ்க்கப்பட்டிருந்தார்கள்.

இன்னொன்று கொஞ்சம் கடினம். ஒடிசி 2ஆம் காண்டம், 105ஆம் வரி: ‘அல்லூஎஸ்கென்’. மாமனாருக்குச் சவத்துணி நெய்து முடித்தால் மறுமணம் என்று சொல்லியிருந்த பெனெலோபி பகலில் நெய்தாள், இரவில் பந்த வெளிச்சத்தில் இதைச் செய்தாள் என்று வருகிறது. ‘அன’ தேய்ந்து ‘அல்’ ஆகியிருக்கிறது. லூ நம் அடி. ‘எஸ்க்’ ஹோமரிடம் வரும் சிறப்பு ஒட்டு, ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதைக் காட்டும். ‘எ’ முன்னால் இல்லாதது இந்த வகைக்கு இயல்பு. கடைசியில் படர்க்கை ஒருமை. பிரித்துப் பிரித்துப் போடுவாள், ஒவ்வொரு ராத்திரியும்.